நாலாம் பக்கத்தில் வருகிறவர்

என் மகள் காரில் ஒரு பாட்டுத் தொகுப்பைப் போடுகிறாள். பவர் மெட்டலாம். கேஸ் சிலிண்டர் லாரி மேட்டிலிருந்து இறங்குவதுபோல் டிரம். அதன்மேல் ஏறி நின்று பத்துப் பதினைந்து பேர் முறைவைத்துப் பாடுகிறார்கள். முழுத் தொகுப்பும் ஒரே கதை. பாத்திரத்துக்கு ஒரு பாடகர். பலரும் வேறு குழுக்களிலிருந்து இதற்கென்று அழைக்கப்பட்டவர்கள்.

"சத்தமா இருக்கா மா? மாத்திடவா?"

நில அலுவலகத்தில் ஓய்வுபெற்ற அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது என்பது அவள் முடிவு. மாற்ற வேண்டாம் என்றேன். மந்திரவாதியாக வருகிறவர் தன் தொண்டையைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறார், ஆனால் ஒரே ஒரு பாட்டுக்கு வந்துபோகிற அந்தப் பெண்குரலைக் கவனி, அடுத்த வாய்ப்பு இல்லை என்று தெரிந்து பாடுகிறாள் என்றேன். மகள் காரை ஓரம் கட்டாத குறை.

இந்த வித்தையில் நான் ஒன்பது வயதிலேயே தேறியவள்.

பவர் மெட்டல் என்ற பேர் அப்போது பிறக்கவில்லை. அதற்குப் பெரியப்பா முறையான ஓர் ஆங்கில ராக் இசைத்தட்டைச் சித்தப்பா வாங்கி வந்தார். இரண்டு தட்டு, நாலு பக்கம், ஒரே கதை, நிறையப் பாடகர்கள். மலாயாவில், தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அது ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சித்தப்பா ஒவ்வொரு பாட்டுக்கும் ஊசியைத் தூக்கிவிட்டுத் தமிழில் கதை சொல்வார். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருப்பார். தலைமைக் கிளார்க். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, வங்கியில் சேர்த்தவர். அவர் கேட்கிறாரா இல்லையா என்று பேப்பரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கதை இதுதான். ஒரு தீவு. தீவின் ராஜாவுக்கு ஒரு பிள்ளை. அவனுக்கு எதிர்க்கரையில் ஒரு பெண் மேல் பிரியம். ராஜா, மந்திரி, சூனியக்காரி எல்லாரும் மாறி மாறிப் பாடித் தடுக்கிறார்கள். படகு என்று வரவேண்டிய இடத்தில் சித்தப்பா ஃபெரி என்று சொல்லிவிடுவார். அவர் சனிக்கிழமைதோறும் ஏதோ வேலையாக ஃபெரி ஏறி எதிர்க்கரைப் பட்டர்வொர்த் போய்வந்த காலம் அது. பழக்க தோஷம் என்று நினைத்தேன்.

எதிர்க்கரைப் பெண்ணுக்கு மூன்றாம் பக்கத்தில் ஒரே பாட்டு. கனத்த, தாழ்ந்த குரல். சித்தப்பா அதை மட்டும் இரண்டு தரம் போடுவார்.

அந்த மாதம் கோலாலம்பூரில் சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. மலாயாவுக்கு வந்ததே பேனா பிடிக்க என்று பெருமைப்படுகிற சனம்; இந்தியாவிலிருந்து வந்த தமிழரோடு கோயிலில் பக்கத்தில் நிற்கலாம், பந்தியில் உட்காரலாம், அவர்களிடம் பெண் எடுக்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி. அதனால்தான் அதற்கு மேல்முறையீடும் இல்லை. வளர்த்த அண்ணனிடம் தம்பி தன் கல்யாணத்தைத் தானே பேசுவதும் எங்கள் வழக்கத்தில் இல்லை.

கோலாலம்பூர்க்காரர் பதில் கேட்டு எழுதியிருந்த வாரம், அந்தப் பெண்ணின் பாட்டு முடிந்ததும் அம்மா கேட்டார்: "நல்லாத்தான் பாடுறாள். எங்கட ஆக்களோ?"

"இல்லை அண்ணி. இந்தியாக்காரர். தகப்பன் ரயில்வேயில வேலை."

எனக்குப் பொறுக்கவில்லை. "கடல் கதையில ரயில் எப்பிடி வரும் சித்தப்பா?"

"நீ வாயை மூடு" என்றார் அம்மா, சித்தப்பாவைப் பார்த்தபடியே.

தட்டு சும்மா சுற்றியது. சித்தப்பா ஊசியைக் கையில் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேப்பர் இறங்கியது.

"ராஜா பாடுறார். மந்திரி பாடுறார். சூனியக்காரியும் பாடுறாள்" என்றார் அப்பா. "அந்தப் பொம்பிளைப் பிள்ளையின்ர தகப்பனுக்கு ஒரு பாட்டும் இல்லையோ? அந்தாளை ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லையே."

பின்னாளில் நில அலுவலகத்தில், எதிர்த் தரப்பின் சம்மதம் இணைக்கப்படவில்லை என்று நான் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களுக்கு அளவில்லை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

சித்தப்பா ஊசியை ஓரத்தில் வைத்தார். "இருக்கிறார் அண்ணை. நாலாம் பக்கத்தில வருவார்."

"பொய்!" என்று கத்தினேன். தட்டின் உறையில் பாடகர் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. அம்மா என் தொடையில் கிள்ளியதில் மிச்சத்தைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இசைத்தட்டு இல்லை. அப்பா நீளக்கைச் சட்டை போட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். சித்தப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைத் தட்டுமாகப் பின்னால் போனார். ஃபெரி பிடிக்க வேண்டும் என்று அவசரம். நல்ல ஞாயிறு வீணாயிற்றே என்று எனக்கு ஆத்திரம். அம்மா ஏனோ பூஜை மாடத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

நான் நாலாம் பக்கத்தைப் போட்டேன். காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ராஜா வந்தார், பிள்ளை வந்தான், கடைசியில் எல்லாரும் சேர்ந்து வீடு அதிரப் பாடினார்கள். ஊசி நடுவுக்குப் போய்க் கரகரத்தது. பெண்ணின் தகப்பன் வரவில்லை. சித்தப்பா பொய்யர் என்று உறுதியாயிற்று.

பொழுது சாயத்தான் திரும்பினார்கள். சித்தப்பா கையில் வெற்றிலைத் தட்டு இல்லை. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றும்போது அந்தக் கனத்த குரல்காரியின் பாட்டை, சுருதி துளியும் சேராமல், முணுமுணுத்தார். அம்மா வாசலுக்கு ஓடிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வழியை மறித்தேன். "அப்பா, நான் முழுக்கக் கேட்டனான். அந்தத் தகப்பன் வரவே இல்லை."

"வந்தார், பிள்ளை" என்றார் அப்பா. "முதல்ல கொஞ்சம் கோவமாத்தான் பாடினார். ஆனா நல்ல குரல்."

அப்பா பொய் சொல்லமாட்டார். ஆகவே பிழை என் காதில்தான் என்று முடிவு செய்து, உள்ளே போய், நாலாம் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.