வெற்றிலை கிடைக்காத ஊர்

என் மகளுக்குக் காது குத்திய நாளில், எங்கள் குடியிருப்பின் நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிய அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள், நடுவே பொட்டல், ஓரத்தில் வேலிகாத்தான் புதர். "என்ன பிள்ள, ஊரு எங்கன இருக்கு?" என்றார். அழைக்கப் போயிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. "இதுதான் அண்ணாச்சி."

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். நான் அங்கே விற்பனைப் பெண். அடையாற்றங்கரையில் நாங்கள் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு நகரத்துக்கு வெளியே இங்கே வீடு கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வராது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் உப்பு தீர்ந்தால்கூட மெயின் ரோடு வரை போக வேண்டும். அடையாறு வீடுகளில் வேலைசெய்யும் பெண்கள் காய்கறி, தேங்காய் எல்லாம் அங்கேயே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அலைச்சல் தாங்காமல் ஒரு குடும்பம் பழைய பக்கமே அறை பிடித்துப் போனால், அதைப் பார்த்துப் பக்கத்து வீடும் மூட்டை கட்டும். படியேறும்போதெல்லாம் புதிதாக ஒரு பூட்டு கண்ணில் படும்.

சாப்பிட்டு முடித்து அண்ணாச்சி வெற்றிலை கேட்டார். வாங்கி வைத்தது விசேஷத்திலேயே தீர்ந்திருந்தது. அம்மா அவர் எதிரிலேயே பொரிந்துவிட்டாள். "இன்னா கீது இங்க? ஒரு வெத்தலைக்கு பஸ் ஏறணும். நீயே சொல்லு நைனா, மனுசன் இருப்பானா? நான் அடையாறாண்டயே ரூம் பாத்துகினு போய்டப் போறேன்."

அதைக் கேட்டுத்தான் அண்ணாச்சி, கடையில் ஒருநாளும் சொல்லாத தன் ஊரைப் பற்றிச் சொன்னார். தெற்கே, சந்தை கூடும் ஊர். புது ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போனதும் பஸ்கள் உள்ளே வருவது நின்றதாம். "எல்லாரும் ரோட்டச் சொல்லுவாவ. ரோடு மட்டும் இல்ல பிள்ள. மொதல்ல ஜவுளிக்கடக்காரன் மூடுனான். துணி எடுக்க வாரவந்தான பாத்திரமும் வாங்குவான்? அவன் வரல. எங்கப்பா மூடுனாவ. எங்களுக்காக வந்தவனும் பெறவு வரல. ஒருத்தனப் பாத்து ஒருத்தன் கெளம்பிட்டோம்."

அவரை வழியனுப்ப நிறுத்தத்தில் நின்றபோது, ஊர்ப்பெண்கள் பைகளோடு இறங்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தன் பஸ்ஸையும் விட்டுவிட்டார். "வாங்க ஆளு இருக்காவ. விக்கத்தான் ஆளு இல்ல," என்றார்.

அந்த வருடமே நிறுத்தத்துக்கு எதிரே பாத்திரக்கடை போட ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். "அங்க யாருப்பா வாங்குவா?" என்று அவர் மகன் சண்டை போட்டதாகக் கேள்வி. கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அழுகையே வந்தது. தி.நகரின் வெளிச்சம், தீபாவளிக் கூட்டம், மதியம் தோழிகளோடு பங்கிட்டுச் சாப்பிடும் சோறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பொட்டலிலா? இது படுத்துவிட்டால் அங்கே மறுபடி எனக்கு இடம் இருக்குமா? மகள் பக்கத்திலேயே இருப்பாள் என்ற ஒன்றுக்காக ஒப்புக்கொண்டேன்.

தொடக்கத்தில் பக்கெட்டும் குடமும் தவிர ஒன்றும் நகரவில்லை. கடை எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாமென்று தங்கிய அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வாசலில் அடுப்பைப் போட்டு பஜ்ஜி சுட ஆரம்பித்தாள். பசியோடு இறங்கிய பெண்கள் எண்ணெய் வாசனைக்கு நின்றார்கள். நின்றவர்கள் உள்ளே தொங்கிய கரண்டியையும் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒரு காய்கறி வண்டி நின்றது, பிறகு ஒரு தையல்காரர் வந்தார். எங்கள் மாடியில் பூட்டியிருந்த வீடொன்றில் ஒருநாள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அம்மா அடையாற்றில் அறை பார்க்கும் பேச்சை எடுக்கவே இல்லை.

இன்று இந்தத் தெருவில் சாயங்காலம் பஸ் திரும்பவே சிரமப்படுகிறது. போன மாதம் எங்களுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட இரண்டு மாடிப் பாத்திரக்கடை ஒன்று எழும்பியது. போர்டு ஏறிய அன்றே பயந்துபோய், வயதாகி வீட்டோடு இருக்கும் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"நம்மளவிடப் பெருசா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "அப்ப இனிப் பயமில்ல பிள்ள. நாளைக்கு நாம மூடுனாலும் ஊரு நிக்கும். போயி மொத போணி நீயே பண்ணிட்டு வா."

திறப்புவிழா அன்று காலையிலேயே போய் ஒரு ஜல்லிக்கரண்டி வாங்கி வந்தேன். "நம்ம கடைல இல்லாத கரண்டியா அங்க கீது?" என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் சுண்டினாள், கழுவி எண்ணெயில் இறக்கினாள். அன்று கூட்டம் முழுக்க எதிர்க்கடையில்தான். வெளியே வந்தவர்கள் புதுப் பாத்திரங்களோடு ரோட்டைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். இருட்டும் முன்பே பஜ்ஜி மாவு தீர்ந்துபோனது.