பங்கஜத்தின் எரு கடல் கடந்த கதை

அந்தமானின் மாயாபந்தரில் பங்கஜத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். பிறகு அவளுடைய பாகற்காயைப் புகழ்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அரசுக் குடியிருப்பின் பின்புறம் அவள் வளர்த்த எருக்குழி. வளர்த்தாள் என்பதே சரி. ஒரே மகளை மெயின்லாண்டில் கட்டிக்கொடுத்த கையோடு தோண்டிய குழி அது. சாணம், தழை, மீன் சந்தையின் தலையும் குடலும் என்று வேளாவேளைக்கு ஊட்டினாள். கப்பல் தாமதமாகி, கடைகளில் தக்காளி தலைமறைவாகும் நாட்களில் ஊரே அவள் வேலியோரம் வந்து உடல்நலம் விசாரித்தது.

இந்தப் புகழின் உச்சியில் அவள் கணவர் கோவிந்தராஜுக்கு போர்ட் பிளேயருக்கு மாற்றல் வந்தது. மரைன் ஹில்லில் கொடுத்த வீட்டின் பின்னால் வெறும் செம்மண் மேடு. அங்கே புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

“எரு வராம நான் வரல” என்றாள் பங்கஜம்.

“லாரியில கட்டில் வருது, பீரோ வருது. குப்பையும் வந்தா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?”

“பீரோவை வேணா விட்டுடுங்க.”

பீரோ விடப்பட்டது.

கோவிந்தராஜ் படகுத்துறைச் சரக்குக் கிடங்கான ஜெட்டி ஸ்டோரில் தலை நரைத்தவர். சரக்குக்கு ஒரே எதிரி ஈரம் என்பது அவர் மதம். எரு மூட்டைகளை நெருக்கி அடுக்கி, தார்ப்பாயை இரட்டையாகப் போர்த்தி, காற்று அனுமதி கேட்டாலும் நுழையாதபடி இறுக்கிக் கட்டினார். பங்கஜமும் சும்மா இருக்கவில்லை. பயணத்துக்குக் கட்டுச்சோறு கொடுக்கிற முறையில், முந்தின மாலையே புதுச் சாணமும் மீன் குடலும் கலந்து எருவுக்கு வயிறாரப் போட்டிருந்தாள். இப்படியாகத் தம்பதியர் ஒற்றுமையாக லாரிக்குள் ஓர் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

வழியில், சாலை கடலைத் தாண்டும் பாராடாங்கில், லாரி வாகனப் படகில் ஏறி நடுத்தண்ணீருக்குப் போனதும் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

“ஆக்! லாரி மே ஆக்!” என்று யாரோ இந்தியில் அலறினார்.

தீ என்றதும் எல்லோரும் ‘தாதா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெங்காலிப் படகுப் பணியாளன் ஒருவன் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். குழாயில் வருவது கடல்நீர் என்பது பங்கஜத்துக்கு உறைத்தது. ஒரு பீய்ச்சு போதும். உப்பேறிய எரு கருவாட்டுக்குத்தான் உதவும். மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற அந்த அம்மாள் லாரிச் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறியதை, பார்த்தவர்கள் இன்றும் நம்பவில்லை.

“தாதா, பானி மத் மாரோ! அடிக்காத! உப்புத்தண்ணி பட்டா செத்துடும்!”

தாதா வெளிறிப்போனான். “யாரு சாவாங்க ஆன்ட்டி? அந்தர் கோன் ஹை? உள்ள யாரு?”

“என் எரு! நெருப்பில்லப்பா, எரு புளிக்கிற சூடு! வர்றது ஆவி!”

அதற்குள் குழாய் திறந்துவிட்டது. பங்கஜம் கையை விரித்து நின்று, வந்த கடல் முழுவதையும் தன் சேலையிலேயே வாங்கிக்கொண்டாள்.

“என்னங்க, வேடிக்கையா பாக்குறீங்க? கட்டை அவுருங்க. அது மூச்சு விடட்டும்.”

தான் போட்ட முடிச்சை அவிழ்த்துப் பழக்கமில்லாத கோவிந்தராஜ் பல்லால் முயன்றார். கடைசியில் ஓர் இளநீர்க்காரரின் அரிவாள்தான் பேசியது. மூட்டைகள் வாய் திறந்தன. பக்கத்துப் பேருந்தின் ஜன்னல்கள் ஒரே சமயத்தில் மூடின. படகில் வந்த தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் எருவைத் தளத்தில் கொட்டி, கையாலேயே கிளறி ஆற்றினார்கள். தேச ஒற்றுமை அவ்வளவு நாறியதை யாரும் கண்டதில்லை.

தாதா குனிந்து ஒரு பிடி எடுத்தான். நசுக்கினான். முகர்ந்தான். குரல் இறங்கிவிட்டது. “ஆன்ட்டி, நம்ம வீட்ல கத்திரி பூக்குது, காய்க்கல. தோடா, கொஞ்சூண்டு குடுங்க.”

“தண்ணி அடிச்ச கைதானே இது?”

“மாஃப் கரோ ஆன்ட்டி.”

சேலையைப் பிழிந்துகொண்டே அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவன் தொப்பியைப் பிடுங்கி நிறைய அள்ளிப் போட்டு, “வேரோட ஒட்டிப் போட்ராத, ஒரு சாண் தள்ளிப் போடு” என்றாள்.

ஆறிய எரு மூட்டைக்குத் திரும்பியபோது கரை வந்தது. இரண்டு கையிலும் தொப்பியை ஏந்தியிருந்த தாதா, சரிவுப் பலகையை இறக்கும்படி முகவாயாலேயே சைகை காட்டினான்.