மேடம் குரலும் மூன்றாவது தட்டும்

சூரிய வெப்ப ஆராய்ச்சியில் உதவியாளர் வேலை என்றால் பாதி நாள் கண்ணாடி துடைப்பது, மீதி நாள் மேகத்தைத் திட்டுவது. இதே சோலி பார்க்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆம்லெட்

பிளஸ் டூ முடித்த கையோடு கொடைக்கானலில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பாச்சலூர் செல்வி அக்காவின் பிஎச்.டி. அது. கிண்ணம் மாதிரிப் பெரிய கண்ணாடி, வெயிலைக் குவித்து, பெட்டிக்குள் இருக்கும் ஒரு பீங்கான் தட்டைச் செக்கச்செவேலென்று பழுக்க வைக்கும். அப்புறம் பெட்டியை மூடி, மெதுவாக ஆறவிட வேண்டும். கீறல் விழாமல் நூறு தடவை தாங்கினால் அக்கா தேறிவிடுவாள்.

இதையெல்லாம் அக்கா ஒரு டூரிஸ்ட்டுக்குப் பொறுமையாக விளக்கினாள். மனிதர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சூப்பர் தங்கச்சி! அப்படியே ரெண்டு ஆம்லெட் போட்டுக் குடுங்க."

சல்யூட்

எனக்கு யார் குரலும் வரும். அக்காவின் கைடு மேடம் மூக்காலேயே பேசுவார். ஒருநாள் ஷெட்டுக்குப் பின்னால் நின்று, "செல்வீ, டேட்டா எங்கம்மா?" என்றேன். வாட்ச்மேன் ஆரோக்கியம் அண்ணன் டீயைக் கொட்டிக்கொண்டு எழுந்து, ஆளில்லாத வாசலுக்கு சல்யூட் அடித்தார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

"ஏ புள்ள, ஒன் தொண்டையில பேயா குடியிருக்கு?" என்றார் அண்ணன்.

கெடு

முதல் தட்டு இருபதாவது சூட்டில் வெடித்தது. இரண்டாவது அறுபதில். அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது; இந்த பிஎச்.டி. இடத்தை விட்டால் வேறு இடம் கிடைக்காது. மேடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "மூணாவதும் போச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

தொண்ணூற்றேழு

மூன்றாவது தட்டுக்கு அன்று தொண்ணூற்றேழாவது சூடு. சோதிக்க வந்த மேடம் ஜீப்பில் ஏறிச் சாப்பிடப் போயிருந்தார். பள்ளத்திலிருந்து ஈரப் பனிமூட்டம் ஏறியது; அக்கா வெரசாகப் பெட்டியை மூடினாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சிரிக்க வைக்கலாமே என்று ஷெட்டுக்குப் பின்னால் போய், மூக்கால் சொன்னேன்: "செல்வீ, மூடியத் தெற. கலர் பாக்கணும்."

அக்கா வீசுகிற துடைப்புத் துணி பறந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மூடி திறக்கும் சத்தம்தான் வந்தது. பின்னாலேயே 'டிக்' என்று ஒன்று. ஓடிப்போய்ப் பார்த்தால், பழுத்த தட்டின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "மேடம், நீங்க சொன்னதாலதான் தெறந்தேன்."

நல்ல பிள்ளை

மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எங்கே, என்னை மாதிரிப் பேசிக் காட்டு," என்றார். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அடுத்த வாரம் அவள் இடம் போய்விட்டது.

மேடம் என் தோளைத் தட்டினார்: "அவளுக்காகப் பழிய நீ ஏத்துக்கப் பாத்த பாரு, நல்ல பிள்ளைம்மா நீ."

தப்புச் செய்துவிட்டுத் திட்டு வாங்குவது சுலபம், சக பாவிகளே. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருவதுதான் கஷ்டம்.