ஷாலினி நிறுத்திவைத்த மெஷின்

கதிர் சிகிச்சை அறையின் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலைச் சோதனையில் ஷாலினி கதவைச் சற்றே இழுத்துப் பார்த்தாள். மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. மாரிகுப்பத்துப் பெண். விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தாள். மும்பையில் ஒரு வருட டிப்ளமோ. வேலூரில் ஒரு வருடம் மெஷின் பக்கத்திலேயே நின்று பயிற்சி. அதற்கும் மேலே ஒரு தேர்வு; முதல் தடவை கோட்டைவிட்டு, மறுதடவை தேறினாள். இந்த ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்பு அதிகாரி இவள்தான் என்று மும்பையிலிருக்கும் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டு ஆணையம் கடிதம் போட்டு ஒப்புக்கொண்ட பிறகே அந்த நாற்காலி கிடைத்தது. தெருக்காரர்களுக்கு இன்றும் அவள் ‘எக்ஸ்ரே புடிக்கிற பொண்ணு’தான்.

மெஷின் கிளம்பாதபடி கதவுச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, சிகிச்சையை நிறுத்தச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிவிட்டு, நிர்வாகி மனோகரிடம் போனாள். கம்பெனி என்ஜினியர் வர இரண்டு நாளாகும். வெளியே நாற்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். கழற்றிய இணைப்பில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டு ஓட்டலாமே என்றார் மனோகர். முடியாது என்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளை எரித்தது.

“நம்ம ஆபீஸ் கிளார்க் இவான் ரேடியேஷன் சேப்டில மூணு நாள் கோர்ஸ் போய்ட்டு வந்திருக்கான். சர்டிபிகேட்டும் இருக்குது. இன்னிலேர்ந்து அவன் கையெழுத்துப் போடுவான். உங்களுக்கு டென்ஷன் வேணாம் மேடம், வீட்டுக்குப் போங்க.”

மூன்று நாள். தன் இத்தனை வருடத்தையும் அந்த மனிதர் மூன்று நாளில் அடக்கிவிட்டதை நினைத்து, வீட்டுக்கு ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மெஷினை இயக்கும் ராகேஷ் போன் செய்தான். அவனுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. ஒயரைச் சுற்றித்தான் ஓட்டியிருக்கிறார்கள். கதவு ஒருக்களித்துக் கிடந்ததால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, துப்புரவு வேலை செய்யும் பார்வதம்மா மாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவிலிருந்து மெஷினுக்குப் போகும் உள்வழி திரும்பும் மூலையில் அவளைத் திரையில் பார்த்த பிறகுதான் ராகேஷ் மெஷினை நிறுத்தும் பட்டனை அழுத்தினான்.

ஷாலினி போட்டிருந்த நைட்டிக்கு மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பார்வதம்மா நின்ற இடத்தில் மீட்டரை வைத்து அளந்தாள். எத்தனை நொடி என்று கேமராவில் பார்த்து மூன்று முறை கணக்குப் போட்டாள். ஒரு மார்பு எக்ஸ்ரே அளவுகூட வரவில்லை. மூச்சு வந்தது.

“எனக்கு இன்னா ஆவும் ஷாலினிம்மா?”

“ஒண்ணும் ஆவாது. மூலையத் தாண்டி உள்ள போயிருந்தா என்னால இப்டி சொல்ல முடியாது.”

ஒன்றும் ஆகவில்லை என்றதும் மனோகருக்குத் தெம்பு வந்துவிட்டது. இதை எங்கேயும் எழுத வேண்டாம், பார்க்காமல் உள்ளே போனதற்குப் பார்வதம்மாவுக்கு ஒரு மெமோ கொடுத்தால் போதும் என்றார். ஷாலினி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“மெமோ எனக்குக் குடுங்க சார். காலையில நீங்க போன்னதும் வீட்டுக்குப் போனேன் பாருங்க, அதுக்கு.”

மெஷினின் சாவியை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நடந்ததை ஒயர் உட்பட எழுதி, தன் தவறையும் சேர்த்து, ஆறு மணிக்குள் ஆணையத்துக்கு அனுப்பினாள். அவள் இடத்துக்கு இவான் பெயரை மனோகர் அவசரமாக அனுப்பியிருந்த விண்ணப்பம் இரண்டாம் நாளே திரும்பி வந்தது. பட்டமும் இல்லை, டிப்ளமோவும் இல்லை, அனுபவமும் இல்லை.

ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். மெஷின் பதினாறு நாள் நின்றது. அந்தப் பதினாறு நாளும் ஷாலினியின் தலையில்தான் விடிந்தது. அவள் தெருவிலேயே இருக்கும் பக்தவச்சலத்துக்குத் தொண்டையில் புற்று. இன்னும் பதினொரு நாள் சிகிச்சை பாக்கி. அவர் மனைவி மங்களம் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி பேசினாள்.

“உன் ரூலுக்கு எங்க வூட்டுக்காரரு தொண்டைதான் கெடச்சுதா?”

 பதில் சொல்ல ஆரம்பித்தால் மனோகருக்குச் சேர வேண்டிய கோபமெல்லாம் அந்த அம்மாள் மேல் விழுந்துவிடும் என்று ஷாலினி பயந்தாள். வேலூருக்குப் போன் போட்டு, பழகிய டாக்டரிடம் கெஞ்சி, மூன்றாம் நாளே பக்தவச்சலத்துக்கு அங்கே இடம் வாங்கினாள். சிகிச்சைக் கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு அவர்களோடு போனாள். மங்களம் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கதவின் பூட்டமைப்பைப் புதிதாக மாற்றினார்கள். துப்புரவுப் பெண்கள் எல்லாருக்கும் தமிழிலும் தெலுங்கிலும் ஷாலினியே வகுப்பெடுத்தாள். அதன் தொடக்கத்தில் மனோகர் மைக் பிடித்து, பாதுகாப்புதான் இந்த ஆஸ்பத்திரியின் உயிர் என்று பத்து நிமிடம் பேசினார். அவர் பதவி அப்படியேதான் இருக்கிறது. பெண்கள் கை தட்டினார்கள். ஷாலினி தட்டவில்லை. அவர் இறங்கும்வரை காத்திருந்து, பார்வதம்மாவை முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைத்து, அன்று காலை தன்னை வீட்டுக்கு அனுப்பியது யார், ஒயரைச் சுற்றச் சொன்னது யார் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினாள்.