தாளிக்காத கிறிஸ்துமஸ்

நெல்லிவாசல்நாட்டின் அந்தக் குக்கிராமத்தில் சாந்தம்மாளுடையது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. அவள் பள்ளி விடுதியில் சமையல் செய்தாள். கணவர் மலைக்கும் திருப்பத்தூருக்குமாக ஜீப் ஓட்டினார். எண்பத்தொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் அன்று விடியும்போதே அவர் ஆட்டுக்கறியோடு வந்து இறங்கினார். அடுப்பு மூட்டச் சுள்ளி எடுக்கப் போனவள், வேலிக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைக் கண்டாள். நாலு வயது மகள் செல்லிக்கு அம்மை.

அம்மை கண்ட வீட்டுக்குப் பக்கத்தில் கடுகு வெடிக்கக் கூடாது, கறி வாசனை எழக் கூடாது. எழுந்தால் ஆத்தா சீறுவாள், பிள்ளை தங்காது என்பது மலையில் எல்லோருக்கும் உள்ள பயம். பாஞ்சாலை வேலியோரம் வந்து நின்றாள். பண்டிகை நாளில் எப்படிக் கேட்பது? நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாந்தம்மாள் கறியைக் கணவரிடம் திருப்பி நீட்டினாள்.

“இத்த ஒங்க கூட்டாளி வூட்ல குடுத்துட்டு வாங்க.”

“இன்னாடி பேசற? நாம கும்பிடறது ஏசுவ. ஆத்தாவுக்கு நாம ஏன் பயப்படணும்?”

“நான் பயப்படலீங்க, பெத்தவ பயப்படறா. ஏசு பொறந்த நாளும் அதுவுமா, பக்கத்து வூட்டுக்காரி வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்க, நாம கறி துன்னணுமா?”

“அப்ப பண்டிகைக்கு இன்னா?”

“சாமை அரிசிக் கஞ்சி.”

“நல்ல பண்டிகைடி இது!” முணுமுணுத்துக்கொண்டே அவர் கறியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வேலிக்கு இரண்டு பக்கமும் கஞ்சிதான் கொதித்தது. செல்லிக்கு அம்மை இறங்கியது. ஆனால் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பாஞ்சாலை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

“யக்கா, புள்ளைக்கு இழுக்குது! தலைக்கு இன்னும் தண்ணி ஊத்தல. இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா ஆத்தா கோவிச்சிக்கும்னு வூட்ல சொல்றாங்க. எங்களுக்காக நீ வாயக் கட்டிக்கினு இருந்தவ. நீ சொல்லுக்கா, நான் கேக்கறேன்.”

சாந்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

“ஆத்தாவ வுட்டுட்டு வான்னு நான் சொல்லலடி. வேப்பிலைய மடியில வெச்சிக்கோ, புள்ளையத் தூக்கிக்கோ. அவளும் கூட வரட்டும். ஜீப்புல எடம் இருக்குது.”

கணவர் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து ஜீப்பின் முகப்பில் தாமே கட்டினார். “ஏறும்மா, ஏறு. ஒங்க ஆத்தாவுக்கு டிக்கெட்டுக் காசு வாங்க மாட்டேன்” என்றார். அந்த நிலையிலும் பாஞ்சாலையின் உதடு லேசாக அசைந்தது.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சாந்தம்மாளும் கூடவே தங்கினாள். அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்த செல்லி, ஒரு காலை ஊசியோடு வந்த நர்ஸைக் கண்டதும் வார்டே அதிரும்படி கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டுப் பாஞ்சாலை வாய்விட்டுச் சிரித்தாள். சாந்தம்மாள்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.