பூக்குழியில் இறங்கிய டீம்

ரங்கூனில் நான் துறைமுகக் கூலியாக இருந்த நாட்களில் எங்களுக்கென்று ஒரு கால்பந்து டீம் இருந்தது. எல்லோரும் க்யிம்யிண்டைங் படித்துறைகளில் மூட்டை தூக்குகிறவர்கள். வெறுங்காலோடுதான் ஆடுவோம். டீமுக்கு மாஸ்டர் எங்கள் மேஸ்திரி. ஊரிலிருந்து எங்களைக் கப்பலேற்றி வேலையில் போட்டவர் அவர்; அந்த ஒரே தகுதியில் பந்தாட்டமும் அவருக்குத் தெரிந்ததாகிவிட்டது. பந்தை ஒரு நாளும் காலால் தொட்டவரில்லை. ஆட்டத்தில் அவர் கண்டது ஒன்றே ஒன்று: வரிசை. முன்னால் ஆடும் ஐந்து பேரும் கயிறு பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போக வேண்டும். பந்து எங்கே போனால் அவருக்கென்ன? "வரிசை கலையாதேடா!" என்று மைதானத்துக் கரையில் நின்று கத்துவார். அந்தக் கத்தலைக் காதில் வாங்காத நாட்களில் ஜெயித்தோம். ஜெயித்ததும் தன்னால்தான் என்று மார்தட்டிக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். கூலிக்காரர்கள் டீம் அதுவரை அந்த இடத்துக்கு வந்ததில்லை. துறையில் எங்களை மாடுபோல் அதட்டும் துரைமார் முன்னால் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. நான் இடதுபக்கம் ஓடுகிறவன். என் ஓட்டத்தைப் பிடிக்க அங்கே ஆளில்லை என்று இன்றும் கூசாமல் சொல்வேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அம்மன் கோயிலில் ஆடித் தீமிதி. டீம் முழுவதும் காப்புக் கட்டிப் பூக்குழி இறங்கினால் கோப்பை நமக்குத்தான் என்றார் மேஸ்திரி.

"வெறுங்கால்ல ஆடுறவங்க நாம. ஆட்டத்த வச்சிக்கிட்டு நெருப்புல எறங்கணுமா, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"ஆத்தா பாத்துக்குவா. ஒனக்கு நம்பிக்கை இல்லேன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்."

ஆட்டத்தில் மட்டுமா வேறு ஆளைப் போடுவார்? துறையிலும் போடுவார். நானும் காப்புக் கட்டிக்கொண்டேன். எங்கள் கோல் காக்கிறவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனையும் அவர் விடவில்லை.

நெருப்பு எனக்குப் புதிதல்ல. ஊரில் முன்பே மிதித்திருக்கிறேன். ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல், எட்டி வைத்துக் கடந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். மேஸ்திரியோ துரைமாரை வேடிக்கை பார்க்க அழைத்து வைத்திருந்தார். அதனால் மைதானத்தில் நிற்பதுபோலவே, முன்வரிசைக்காரர்கள் ஒன்றாகவும் மற்றவர்கள் பின்னாலும், கைகோத்து மெதுவாக இறங்க வேண்டும் என்று உத்தரவு. முதல்முறை இறங்கிய ஒருவன் நடுக்குழியில் மிரண்டு நின்றான். கைகோத்திருந்ததால் நாங்கள் எல்லோரும் கங்கின்மேல் நின்றோம். மேஸ்திரி எதிர்ப்பக்கத்தில், ஈர மணலில் நின்றுகொண்டு, "வரிசை! வரிசை!" என்று கத்தினார். அவர் இறங்கவில்லை. மாஸ்டர் கரையில்தான் நிற்க வேண்டுமாம்.

கால் வெந்துவிட்டது. வெளியே சொல்ல முடியுமா? நெருப்பு சுட்டால் விரதத்தில் குற்றம் என்பார்கள் நம் ஆட்கள். கவிச்சி தின்றான், போகக்கூடாத இடத்துக்குப் போனான் என்று ஊரே பேசும். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி முகத்தில் பூச அரைத்து வைத்திருந்த தனக்கா மரப்பட்டை விழுதில் கொஞ்சம் வாங்கி உள்ளங்காலில் அப்பிக்கொண்டு படுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது, ஆனால் ஆறவில்லை.

மறுநாள் நல்ல மழை. முதல் ஓட்டத்திலேயே கொப்புளம் உடைந்து சேறு உள்ளே புகுந்தது. எனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் முள்ளில் நடப்பவர்களைப்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

ஆட்டம் முடிந்து கொட்டகைக்குள் வந்ததும் மேஸ்திரி, "எவண்டா வெரதத்தக் கெடுத்தவன்?" என்று கேட்டுக்கொண்டே கோல் காக்கிறவனை முறைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காலைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "என்னையும் சேத்துக்குங்க, மேஸ்திரி" என்றேன். பக்கத்திலிருந்தவனும் நீட்டினான். பிறகு ஒருவர் விடாமல் எல்லோரும் நீட்டினார்கள். எல்லார் உள்ளங்காலும் தோலுரிந்து கிடந்தது.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு நொடியாவது தன்மேல் சந்தேகம் வரும் என்று நம்பினேன், மடையன்.

"பதினோரு பயலும் கெட்டவனுங்கதான். அடுத்த வருசம் சுத்தமான ஆளாப் பாத்து எடுக்கறேன்."

சொன்னபடியே எடுத்தார். அடுத்த ஆடியில் நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். மஞ்சள் வேட்டி கட்டிய புது ஆட்கள் கைகோத்துக்கொண்டு பூக்குழி ஓரத்தில் வந்து நின்றார்கள். மேளச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"மெதுவா எறங்குங்க! வரிசை கலையாதேடா!"