வெள்ளை ஓடும் சிவசங்கரியும்

சிவசங்கரி விருத்தாசலத்துக்கு மேற்கே மங்களூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இயற்பியலில் இளங்கலை முடித்தவள். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டை ஒட்டியிருந்த புகுந்த வீட்டில் அந்தப் பட்டத்துக்கு ஒரு மதிப்பும் இருந்ததில்லை. சோறு குழைந்தால், "பிசிக்ஸ் படிச்ச கை, வேற எப்படி இருக்கும்?" என்பாள் நாத்தனார் துர்கா. கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட துர்கா, முதலாளி தங்கதுரையின் பீங்கான் தொழிற்கூடத்தில் கிளேஸ் கலப்பவள்; கோப்பைகளுக்குப் பளபளப்புத் தரும் பூச்சு அது. அண்ணிக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவளும் அவள்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை.

சிவசங்கரியின் இடம் சோதனைக்கூடம். ஓட்டல்களுக்கான வெள்ளைக் கோப்பைகளை வாங்கிய சென்னை வியாபாரி, சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். எந்தப் படத்திலும் வெள்ளை ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கென வாங்கப்பட்ட பெட்டியில் இருபுறமும் எல்.இ.டி. விளக்குகளும் மேலே கேமராவும் இருந்தன. காலையில் விளக்குகள் சூடேறி நிலைப்பட்டதும், முதலில் டைல் போன்ற வெள்ளை ஓடு ஒன்றை உள்ளே வைத்துக் காட்ட வேண்டும். காட்டப்பட்டதையே இயந்திரம் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு, அன்றைய கோப்பைகளின் நிறத்தை அதை வைத்தே கணக்கிடும். அந்த ஓட்டைத் தொட சிவசங்கரி எவரையும் அனுமதித்ததில்லை.

ஆயுத பூஜையன்று கணினித் திரைக்கும் பெட்டிக்கும் பொட்டு வைத்தவள், சோறு போடும் பொருள்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட மனம் வராமல், ஓட்டின் நடுவிலும் மஞ்சள் குழைத்த சந்தனமும் குங்குமமும் இட்டாள். விடுமுறை முடிந்து வந்து ஈரத்துணியால் துடைத்தாள். கண்ணுக்கு ஓடு பழையபடியே தெரிந்தது.

அதன் பிறகு சூளையிலிருந்து இறங்கிய தொகுதி முழுவதும் படத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கிளேஸில் வெண்மை எடுப்பாகத் தெரிவதற்காக ஒரு சிட்டிகை நீலச்சாயம் சேர்ப்பார்கள். அதை அளந்து போடுவது துர்கா. விடுமுறைக்கு முன்பே புதிய தொட்டியில் கிளேஸ் கலந்திருந்தவளும் அவளே. யாரும் வேறு காரணம் தேடவில்லை.

சிவசங்கரி நாத்தனாரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். சூளைக்காரன் கருப்பனும் கோப்பை அடுக்கும் பெண்களும் நின்றுகொண்டிருக்கும்போதுதான் திரைக்கு முன்னால் அழைத்தாள்.

"இது என்னா கலரு, சொல்லு."

"நேர்ல வெள்ளையாத்தான் அண்ணி இருக்குது. நான் எப்பவும் போடற அளவுதான் போட்டன்."

"அப்ப பொய் சொல்றது வெளிச்சமா, நீயா? பன்னண்டாவது படிச்ச கண்ணுக்கு இவ்ளோதான் தெரியும்."

கருப்பன் சிரித்தான். "துணிக்குப் போடற நீலத்தக் கொட்டிட்டா போலருக்குது."

தங்கதுரை வந்து படத்தைப் பார்த்தார். "ஏம்மா துர்கா, கலந்தது நீதான? நீயே ஒடைச்சிடு. பொடியாக்கி மண்ணுல சேத்துக்கலாம். ஒடைச்சி முடிச்சதும் கணக்கு முடிச்சிக்கிட்டு கெளம்பு."

மறுநாள் காலை முற்றத்தில் சுத்தியல் சத்தம் தொடங்கியது. தான் கலந்த கிளேஸ் மின்னிய கோப்பைகளை, துர்கா வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே சிவசங்கரி வியாபாரிக்கு ஒப்பீட்டுப் படம் அனுப்புவதற்காக, அவர் முன்பே ஏற்றுக்கொண்ட மாதிரிக் கோப்பையைப் பெட்டியில் வைத்தாள். அதுவும் நீலமாகத் தெரிந்தது. இயந்திரத்தோடு வந்து உறை பிரிக்காமல் கிடந்த மாற்று ஓட்டை எடுத்துப் பழைய ஓட்டின் அருகில் வைத்தாள். பழையதின் பளபளப்பில்லாத பரப்பு மஞ்சளை உறிஞ்சியிருந்தது. மஞ்சளேறிய ஓட்டை வெள்ளையென்று நம்பிய இயந்திரம், அதைச் சரிக்கட்ட எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றிக் காட்டியிருக்கிறது. புதிய ஓட்டைக் காட்டிவிட்டுப் படமெடுத்தபோது மாதிரிக் கோப்பையும் துர்காவின் கோப்பையும் ஒரே வெள்ளையாக நின்றன.

எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் சத்தம் நின்றுவிடும். தன் நாற்காலியும் போய்விடும். ஓட்டை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் எவருக்கும் தெரியாது. சிவசங்கரி உட்கார்ந்தே இருந்தாள். ஒவ்வொரு கோப்பை உடையும்போதும் அது நல்ல கோப்பை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டீ வந்து, ஆறி, ஆடை கட்டிய பிறகுதான் எழுந்தாள்.

முற்றத்தில் நின்றிருந்த தங்கதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுத்தியல் நின்றது. கொஞ்சம் கோப்பைகளே மீதி இருந்தன.

"ஓட்டுல சந்தனம் வச்சது யாரு?"

"நான்தாங்க."

"சாமிக்குப் பொட்டு வச்சாலும் இப்படி பலிக்காதும்மா" என்று சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்தினார். "எப்ப கண்டுபுடிச்ச?"

துர்கா எழுந்து வந்தாள். விரலிடுக்குகளில் ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது.

"டீக்கு முன்னயா, பின்னயா அண்ணி?"

"முன்ன."

துர்கா திட்டவில்லை. "கேட்டுக்கினீங்களா மொதலாளி?" என்று மட்டும் சொன்னாள்.

தங்கதுரைக்குத் தீர்ப்புச் சொல்ல நேரம் பிடிக்கவில்லை. "கேமரா இனிமே துர்கா பாக்கட்டும். நீ அவளுக்குக் கத்துக்குடுத்துட்டு, இங்க வந்து ஒடைச்சத அள்ளு. வேணாம்னா வூட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனால் அங்கும் துர்காதான் இருப்பாள். சிவசங்கரி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் சேலையின் நிறம் பெட்டிக்குள் படாமலிருக்க மேலே போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றித் துர்காவிடம் கொடுத்தாள். விளக்கு நிலைப்படக் காத்திருப்பது, ஓட்டை விளிம்பில் பிடிப்பது, பெட்டிக்கு அருகில் நிறத்துணி வரக் கூடாது என்பது வரை வரிசையாகச் சொன்னாள். துர்காவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனாலும் வாசலில் ஆட்கள் சேரும்வரை, "புரியல அண்ணி, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிவசங்கரியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி முறை ஓட்டைச் சுட்டிக்காட்டக் குனிந்தபோது துர்கா அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணி. ஒங்க சேலச் செவப்பு ஓட்டு மேல வுழுவுது."

திரையில் ஓட்டின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. துர்கா சொன்னது சரிதான். வாசலில் யாரோ கைதட்டினார்கள்.

சிவசங்கரி முற்றத்துக்குப் போய் உடைந்த கோப்பைகளின் முன் கூடையை வைத்து உட்கார்ந்தாள். சுற்றிலும் எதையோ தேடினாள்.

"கையுற தேடறீங்களா?" என்றான் கருப்பன். "நேத்து துர்காவும்தான் கேட்டா. யாரு குடுத்தாங்க?"